கப்பியில்லாத கோப்பித்தூள்

எங்கள் வீட்டில் கிறைண்டர் என்றால் ஒரேயொரு அர்த்தம்தான்: செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சம்பல் அரைக்கிற மிக்ஸி. அதனால், "கோப்பிக்கு ஒரு கிறைண்டர் வாங்கப் போறன்" என்று நான் சொன்னபோது அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இருக்கிறதே நல்லா வேலை செய்யுது. பிறகென்னத்துக்கு இன்னொண்டு?"

நியாயமான கேள்வி. அதற்குச் சரியான பதில் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருசமும் மூன்று கிறைண்டரும் தேவைப்பட்டன. அதில் ஒன்று புகைந்துபோனது. ஒன்றை அக்காவின் மகள் மண் அரைத்து விளையாட எடுத்துக்கொண்டாள். மூன்றாவதுதான் இப்போது குசினி யன்னலோரம் நிற்கிறது.

கோப்பி எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு விசித்திரமான பானம். அன்றாடம் குடிப்பது தேத்தண்ணி. கோப்பி வேண்டுமென்றால் ஒன்றில் தடிமன் காய்ச்சல் வரவேண்டும், இல்லையென்றால் செத்தவீடு நடக்கவேண்டும். செத்தவீட்டில் இரவிரவாக முழித்திருப்பவர்களுக்குப் பால் விடாத கோப்பி சுற்றிக்கொண்டே இருக்கும். தடிமனுக்கு வருவதில் வேர்க்கொம்பும் மல்லியும் தூக்கலாக இருக்கும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கவேண்டும். இத்தனைக்கும் இந்தத் தீவு ஒரு காலத்தில் கோப்பித் தீவு. மலைநாட்டுக் காட்டை வெட்டி வெள்ளைக்காரன் முதலில் பெரிதாக நட்டது கோப்பியைத்தான். தமிழ்நாட்டிலிருந்து மன்னார்ப் பக்கமாக நடந்து வந்த சனம் முதலில் முறிந்ததும் கோப்பித் தோட்டங்களில்தான். 1869இல் இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் போல ஒரு நோய் கண்டது. இலைத்துரு. இருபது வருசத்துக்குள் தோட்டங்கள் தேயிலைக்கு மாறிவிட்டன. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் நோய் காண்பதற்கு இரண்டு வருசம் முந்தியே கண்டிப் பக்கத்து லூல்கந்துரையில் தேயிலை நட்டு வைத்திருந்தார், அது வேறு கதை. தப்பிய கோப்பி மரங்களின் வாரிசுகள் கண்டி, மாத்தளைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் மிளகுக்கொடிக்குப் பக்கத்தில் நின்று காய்க்கின்றன. நான் சந்தையில் வாங்குவதும் அந்தப் பக்கத்துக் கொட்டை என்றுதான் கடைக்கார அண்ணை சொல்வார்.

அம்மம்மா கோப்பி இடிக்கிற நாள் ஒழுங்கை முழுக்கத் தெரியும். இரும்புத் தாச்சியில் கொட்டையைக் கருகக் கருக வறுத்து, கடைசியில் மல்லியையும் வேர்க்கொம்பையும் சேர்த்துப் பிரட்டி, ஆறவிட்டு உரலில் போடுவார். நான் சொல்ல வந்தது இடித்ததைப் பற்றியில்லை, அரித்ததைப் பற்றி. ஒரு இடி இடித்ததும் அள்ளி அரிதட்டில் போட்டுத் தட்டுவார். தூள் கீழே விழும், மேலே கப்பி நிற்கும். கப்பி திரும்ப உரலுக்குள். அடுத்த இடி, அடுத்த அரிப்பு. மூன்று தரம், நாலு தரம். நாங்கள் பொறுமையில்லாமல் "காணும் அம்மம்மா" என்றால், "கப்பி கிடந்தால் கோப்பி இறங்காது" என்பார்.

கோப்பிக் கிறைண்டரைப் பற்றி யூடியூப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றிச் சொல்வது இதைத்தான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

விசயம் இதுதான். சுடுதண்ணி தூளுக்குள் போய்ச் சாரத்தை இழுத்து வருகிறது. துண்டு பெரிதாக இருந்தால் நடுவுக்குத் தண்ணி போய்ச் சேரும் முன்பே நாங்கள் வடித்துவிடுவோம். அதிலிருந்து வருவது வெறும் புளிப்பும் ஒரு பச்சைத் தன்மையும். மாவாகப் போனது கண்மூடித் திறப்பதற்குள் நல்லதையெல்லாம் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு கசப்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கப்பியும் மாவும் கலந்து கிடந்தால் ஒரே கோப்பைக்குள் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வரும். நேரத்தைக் கூட்டினால் கசப்பு ஏறும், குறைத்தால் புளிப்பு ஏறும். எந்தப் பக்கமும் தப்ப முடியாது. கருக வறுத்து, மல்லி போட்டு, சீனியும் போட்டால் இதெல்லாம் நாக்குக்குத் தெரியாது. எனக்குத் தெரிய வந்தது ஒரு நண்பன் நுவரெலியாவிலிருந்து இளவறுவல் கொட்டை கொஞ்சம் கொண்டுவந்து தந்தபோது. மிக்ஸியில் அரைத்து, சீனியில்லாமல் குடித்தேன். புளியங்காயைக் கரிச்சட்டியில் கரைத்த மாதிரி இருந்தது. நண்பனைத் திட்டினேன். அவனுடைய வீட்டில் அதே கொட்டையைக் குடித்தபோது வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மம்மாவின் அரிதட்டைப் பரணிலிருந்து இறக்கினேன். மிக்ஸியில் அரைத்த தூளில் மூன்று மேசைக்கரண்டி எடுத்துப் போட்டுத் தட்டினால் ஒரு கரண்டிக்குக் கிட்ட மேலே நின்றது. பாதிக் கொட்டை, கால் கொட்டை, ஒன்றிரண்டு முழுக் கொட்டையும்கூட. கீழே விழுந்ததை விரலால் தொட்டால் திருநீறு. நடுத்தரமான தூள் என்று சொல்லக்கூடியது மிகக் கொஞ்சம். மூடியின் உட்பக்கம் சூடாக இருந்தது. கோப்பிக்கு அந்தச் சூடும் ஆகாது, வாசம் அங்கேயே போய்விடும்.

ஏன் அப்படி என்றால், மிக்ஸிக்குள் கொட்டைக்கு வெளியே போக வழியில்லை. அலகில் அகப்பட்டது திரும்பத் திரும்ப அடிபடும், ஓரத்தில் ஒதுங்கியது தப்பிக்கொள்ளும். பர் கிறைண்டர் வேறு சாதி. திரிகை பார்த்தவர்களுக்கு அதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. உழுந்து உடைக்கிற திரிகையில் கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுற்றும். குழியில் போட்ட உழுந்து இரண்டு கல்லுக்கும் இடையில் உள்ள இடைவெளி அளவுக்குச் சிறுத்த பிறகுதான் விளிம்பால் வெளியே கொட்டும். கொட்டியதும் தப்பித்தது, அதற்கு மேல் அரைபடாது. பர் என்பது அந்த இரண்டு கல்லும்தான். தட்டை பர் என்றால் அச்சொட்டாகத் திரிகையே. கூம்பு பர் என்றால் பல் வைத்த ஒரு கூம்பு, பல் வைத்த வளையத்துக்குள் நின்று சுற்றும். இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும். கை நிறையக் காசு இல்லாதவன் வாங்கக்கூடியதெல்லாம் கூம்பு பர்தான், அதில் குறையொன்றும் இல்லை.

முதலாவதாக வாங்கியது ஆகக் குறைந்த விலையில் இணையத்தில் கிடந்த ஒன்று. பேர் ஊர் இல்லாதது. கண்ணாடிப் போத்தல் மாதிரி அடி, மேலே பீங்கான் பர், ஒரு கைபிடி. பீங்கான் என்பதால் துருப்பிடிக்காது, கழுவலாம் என்று எழுதியிருந்தார்கள். அது உண்மைதான். சொல்லாமல் விட்டது என்னவென்றால், அந்தக் கூம்பு கோத்திருந்த கம்பியைக் கீழே பிடிக்க எதுவும் இல்லை. கைபிடியைச் சுற்றும்போது கூம்பு வளையத்துக்குள் நடுவில் நிற்காமல் ஆடியது. ஒரு பக்கம் ஒட்டிக்கொள்ளும், மறுபக்கம் வாய் பிளக்கும். வாய் பிளந்த பக்கத்தால் கப்பி இறங்கும். ஒட்டிய பக்கத்தால் மா இறங்கும். மிக்ஸி செய்த அதே வேலையை, மூன்று நாலு நிமிசம் கை நோகச் சுற்றிச் செய்துகொண்டிருந்தேன். அம்மா ஒரு நாள் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "உதுக்குப் பேசாமல் உரலிலை போட்டு இடிச்சிருக்கலாமே" என்றார். இடித்திருக்கலாம்தான்.

ஆகவே கடையில் வைத்துப் பார்த்து வாங்கக் கிடைத்தால் முதல் சோதனை இது: கைபிடி பூட்டும் கம்பியை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். நல்ல கிறைண்டரில் அந்தக் கம்பியை மேலேயும் கீழேயும் இரண்டு பெயாறிங் பிடித்திருக்கும். பர் உருக்கா பீங்கானா, அதன் விட்டம் 38 மில்லிமீற்றரா 48ஆ என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டாவது, ரொறன்ரோவிலிருந்து மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. மின்சாரக் கிறைண்டர், புதுசு, நல்ல பேர்பெற்ற சாதி. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பெட்டியைப் பிரித்து, பிளக் பொருந்தாததால் ஒரு அடப்டரைப் போட்டு, சுவிச்சைத் தட்டினேன். ஒரு கணம் விமானம் எழும்புகிற மாதிரிச் சத்தம். பிறகு ஒரு டப். பிறகு பிளாஸ்ரிக் எரிகிற மணம். கனடாவில் 120 வோல்ற், இங்கே 230. அடப்டர் பிளக்கின் காலைத்தான் மாற்றும், வோல்றை மாற்றாது. இதை ஒரு படித்த மனிசன் எழுத வெட்கப்படவேண்டும். வோல்ற் ஏறத்தாழ இரண்டு மடங்கானால் மோட்டருக்குள் போகிற சக்தி நாலு மடங்கை நெருங்கும். ஐந்து செக்கன்கூடத் தாங்கவில்லை. மச்சான் பாவம், "வாங்கேக்கை நானும் பார்க்கேல்லை மச்சான்" என்று தலையைச் சொறிந்தான். கிறைண்டர் இப்போது அலுமாரிக்கு மேல் இருக்கிறது. எறிய மனம் வரவில்லை. வெளிநாட்டில் இருந்து சாமான் வருகிற எல்லா வீட்டு அலுமாரிக்கு மேலும் இப்படி ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன்.

வோல்றைக் குறைக்கிற ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வைத்து ஓட்டலாமே என்பார்கள். ஓட்டலாம், கோப்பி கிறைண்டரைவிடப் பாரமான ஒரு இரும்புப் பெட்டியையும் குசினியில் வைக்க இடமிருந்தால். லண்டன், ஜேர்மனி, அவுஸ்திரேலியா என்றால் இந்தப் பிரச்சினை இல்லை, அங்கேயும் 230தான். ஆனால் மின்சாரத்தில் ஓடும் பர் கிறைண்டரில் ஆகக் குறைந்தது என்று எல்லாரும் காட்டுகிற பறாட்ஸா என்கோர், அது 40 மில்லிமீற்றர் கூம்பு பர், அரைக்கும் அளவை மாற்ற 40 படி, 150 டொலரை ஒட்டி வரும். அதற்குக் கீழே வருகிற மின்சாரக் கிறைண்டர்களில் காசின் பெரும்பகுதி மோட்டருக்கும் பெட்டிக்கும் போய்விடும். பருக்கு மிஞ்சுவது சொற்பம். கைக் கிறைண்டரில் மோட்டர் எங்கள் கை. கொடுத்த காசு பருக்குள் போகிறது. குறைந்த காசில் வாங்குகிறவனுக்கு இதைவிட வேறு கணக்குத் தேவையில்லை என்பது என் கட்சி.

போதாக்குறைக்கு, 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் நின்றதை நாங்கள் மறக்கவில்லை. அதற்கு முந்தி, தொண்ணூறுகளில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட ஊர் இது. ஒரு நிமிசம் கோப்பி சுற்றுவது எங்களுக்கு ஒரு வேலையா?

மூன்றாவதை அதனால் நிதானமாகத் தேடினேன். ஹாரியோ என்ற ஜப்பான் கொம்பனியின் சின்ன மில் ஒன்றைச் சொந்தக்காரர் வீட்டில் சுற்றிப் பார்த்தேன். பீங்கான் பர், அழகான சாமான், பயணத்துக்கு நல்லம், ஆனால் 15 கிராம் அரைக்கிறதுக்குள் ஒரு தேவாரம் பாடி முடிக்கலாம். கடைசியில் டைம்மோர் சி2க்கு வந்தேன். ஷாங்காய்க் கொம்பனி. 38 மில்லிமீற்றர் உருக்குப் பர், வெளியே அலுமினியம், 60, 70 டொலர். அதற்கு மேலே போனால் தாய்வானின் கிங்கிறைண்டர் கே6, 48 மில்லிமீற்றர், 100 டொலரை ஒட்டி. திருகை ஒரு 'டிக்' திருப்பினால் பர் 16 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 16 பங்கு மட்டும் நகரும், திருகும் வெளியிலேயே வளையமாக இருக்கும். வீட்டில் எஸ்பிரசோ மெசின் இருப்பவர்கள் நேரே அதற்குப் போவது நல்லது. சி2இல் ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் இடையில் எஸ்பிரசோவுக்கு வேண்டிய அளவு விழுந்து தொலைந்துபோகும். என்னிடம் இருப்பது வீ60 என்கிற கூம்பு வடிவப் பிளாஸ்ரிக் வடி ஒன்றும், தூளை ஊறவிட்டு அமத்தி வடிக்கிற பிரெஞ்ச் பிரெஸ் ஒன்றும், அம்மாவின் துணி வடியும். அதற்கு 38 தாராளம்.

வந்த அன்றைக்கே அரிதட்டைத் திரும்ப இறக்கினேன். அதே கொட்டை, அதே மூன்று கரண்டி. மேலே நின்றது ஒரு சிட்டிகை. அதுவும் கொட்டை இல்லை, உமி. அம்மா அரிதட்டை என் கையிலிருந்து வாங்கித் தானும் ஒரு தரம் தட்டிப் பார்த்தார். கீழே விழுந்ததை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தார், குறுணிச் சீனி மாதிரி நறநறத்தது. "கப்பி இல்லை" என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய பாராட்டு.

அளவு பிடிப்பது லேசு. அடியில் இருக்கும் திருகை, பர் இரண்டும் முட்டிக் கைபிடி சுற்றாமல் நிற்கும் வரைக்கும் இறுக்கவேண்டும். அது பூச்சியம். அங்கிருந்து டிக் டிக் என்று எண்ணிக்கொண்டு திறக்கவேண்டும். வீ60க்கு 20ஐச் சுற்றி, பிரெஞ்ச் பிரெஸுக்கு அதற்கு மேல் ஐந்தாறு. துணி வடியில் ஊற்றுகிற எங்கள் கோப்பிக்கு நான் 15இல் வைக்கிறேன். 15 கிராம் கொட்டைக்கு 240 மில்லிலீற்றர் தண்ணி. புளித்தால் ஒரு டிக் இறுக்கு, கசந்தால் ஒரு டிக் இளக்கு. இவ்வளவுதான் சாத்திரம்.

இனி நான் செய்த விசர் வேலை. மழைக்காலம், அம்மாவுக்குத் தடிமன். மல்லிக் கோப்பி கேட்டார். கொட்டை, வறுத்த மல்லி, நாலைந்து துண்டு வேர்க்கொம்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் புதுக் கிறைண்டருக்குள் போட்டேன். மல்லி போனது தெரியவில்லை. வேர்க்கொம்பு பத்தாவது சுற்றில் கைபிடியை நிறுத்தியது. நான் பலத்தைக் கொடுத்தேன். கறக். கழற்றிப் பார்த்தால் கூம்பின் பல்லைச் சுற்றித் தும்பு தும்பாக வேர்க்கொம்பு நார், பல் துலக்காதவன் வாயில் இறைச்சி நார் சிக்கின மாதிரி. தையல் ஊசியால் ஒவ்வொரு நாராகக் கிளப்ப ஒரு மணித்தியாலம். அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு, நான் அரைத்த எந்தக் கோப்பியிலும் மல்லி மணத்தது. கடைசியில் ஒரு பிடி பழைய கொட்டையைச் சும்மா அரைத்துக் கொட்டித்தான் போனது. கழுவலாம் என்று நினைக்காதீர்கள். உருக்குப் பருக்குத் தண்ணி ஆகாது. உப்புக் காற்றடிக்கிற ஊரில் கேட்கவே வேண்டாம். தூரிகை ஒன்றே போதும். மல்லியும் வேர்க்கொம்பும் இப்போது மிக்ஸியில் தனியே அரைபட்டு, தூளோடு பிறகு சேர்கின்றன. அம்மாவின் கேள்விக்கு அப்படியொரு பதில் கிடைத்தது: இரண்டும் தேவை.

இன்னொரு எதிரி கல். சந்தைக் கொட்டையில் குறுணிக்கல் கிடக்கும், அதே நிறம், அதே பருமன். உரலுக்கு அது ஒன்றும் செய்யாது. பருக்கு ஒரு கல் போதும், பல் உடைய. அதனால் நான் இப்போது சுளகு எடுத்துப் புடைக்கிறேன். எனக்குப் புடைக்கத் தெரியாது, பாதிக் கொட்டை நிலத்தில். பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் பார்த்து, "தம்பி, கலியாணம் கட்ட ரெடி போல" என்று சிரிக்கிறார்.

அரைக்க முதல் கொட்டைக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணி தெளித்துக் குலுக்கினால் தூள் போத்தலில் ஒட்டாது. ஒரு சொட்டுத்தான், ஈரக்கையை உதறினால் காணும்.

கிறைண்டர் எல்லாம் சரியான பிறகும் கோப்பி ஏதோ மந்தமாகவே இருந்தது. பல நாள் டிக்கைக் கூட்டிக் குறைத்துக் குழம்பினேன். பிழை கிணற்றில். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே குந்தியிருக்கிறது. கிணற்றுத் தண்ணி அந்தக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சாமான்தான் கோப்பியின் புளிப்பையும் பழச்சுவையையும் அமத்திவிடுகிறது. கடையில் கானில் விற்கிற தண்ணியில் ஒரு நாள் ஊற்றிப் பார்த்தேன், வேறு கோப்பி. இளவறுவலுக்கு இப்போது கான் தண்ணி, அம்மாவின் கருவறுவலுக்குக் கிணற்றுத் தண்ணி. கருவறுவலுக்குக் கிணற்றுத் தண்ணிதான் ருசி என்று அம்மா சொல்கிறார், நானும் குடித்துப் பார்த்தேன், பொய்யில்லை.

போன கிழமை மச்சான் ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தான். இந்த முறையும் திருவிழாவுக்கு வருகிறானாம். எரிந்த கிறைண்டருக்குப் பதிலாக இன்னொன்று கொண்டுவரவா என்று கேட்டான். வேண்டாம், இருக்கிறது என்றேன். கேட்கமாட்டேன் என்றான். சரி, கைபிடி உள்ளதாகப் பார்த்து வாங்கு என்றேன். கொஞ்ச நேரத்தால் வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பளபளவென்று, உயரமாக, வயரோடு ஒன்று. கீழே எழுதியிருந்தான்: "மச்சான் இது நல்ல சேல்."

"பின்பக்கத்தைத் திருப்பி எத்தனை வோல்ற் எண்டு பார்" என்று பதில் போட்டேன். இன்னும் நீலக்கோடு விழவில்லை.